பாடுகிறவரின் காது

ஜூன் 3

காலையில் பட்டறைக்குப் போனதும் தட்டில் ஆறு காதுகள் காத்திருந்தன. டிரம் வாசிப்பவர், கிட்டார்காரர், கீபோர்டுக்காரர் - ஆளுக்கு இரண்டு. காதுக்குள் பசையைச் செலுத்தி, இறுகியதும் உருவி எடுத்த இளஞ்சிவப்பு அச்சுகள். மேடையில் வாசிப்பவர்களுக்கு, அவரவர் காதின் அளவுக்கே இயர்போன் செய்ய இவைதான் ஆதாரம். ஓரம் சீவுவது என் வேலை. ஒரே ஆளின் இடக்காதும் வலக்காதும்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. சித்தி மகளும் பெரியம்மா மகளும் மாதிரி, ஜாடை மட்டும்தான்.

சாப்பிடும்போது அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். "பட்டதாரி அம்மா இன்னைக்கு எத்தனை காது குடைஞ்சீங்க?"

"பேசாம சாப்பிடுங்க. நம்ம வீட்டுல காலேஜ் போனதே அவ ஒருத்திதான், அவளையும் கிண்டல் பண்ணியே ஓட்டிடாதீங்க" என்றாள் அம்மா.

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தகடு வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வேலை செய்தவர். உண்மையிலேயே பாதிதான் கேட்கும்.

ஜூன் 6

முதன்முறையாக ஒரு பாடகி வந்தார். இதுவரை வந்தவர்கள் எல்லாம் வாசிப்பவர்கள்.

கரகரவென்று, பாதிக் காற்றாக இருக்கிறது பேச்சு. தொண்டையில் சின்ன முடிச்சாம். மேடையில் தன் குரல் தனக்கே கேட்காமல் கத்திக் கத்திப் பாடியதால் வந்தது. "இன்னொரு தடவை கத்தினா கத்திதான்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று சிரித்தார். சிரிப்பிலும் காற்று. அடுத்த மாதம் ஒரு நிகழ்ச்சியை ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குள் இயர்போன் வேண்டும்.

பட்டறையை நடத்தும் மேடமே அச்சு எடுத்தார். "அசையாதீங்க. வாயை மூடிக்கிட்டு அப்படியே இருங்க."

"என்னைப் போய் வாயை மூடச் சொல்றீங்களே!" என்றவர், சொன்னபடியே இருந்தார்.

போகும்போது என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா, என்னைவிட மோசமா இருக்கே. உனக்கும் டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டாரா?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இப்போதுவரை தெரியவில்லை.

ஜூன் 9

மழை. பட்டறையில் ஆளில்லை. மேடம் டீ குடித்துக்கொண்டே இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று சொன்னார். முன்பெல்லாம் மேடையின் தரையில், பாடுபவரின் முகத்தைப் பார்த்தாற்போல ஸ்பீக்கர் வைப்பார்கள். பாடுபவர் தனக்குக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டச் சொல்வார். உடனே கிட்டார்காரர் தனக்கும் கூட்டச் சொல்வார். கடைசியில் யாருக்கும் எதுவும் கேட்காது. அதனால்தான் ஒலியைக் காதுக்குள்ளேயே கொண்டுபோனார்கள். காதை அச்செடுப்பது, அரிசியளவு டிரைவர் - அதுதான் ஒலியை எழுப்பும் பாகம் - இரண்டுமே காது கேளாதோர் கருவியிலிருந்து வந்தவை. மேடமும் அந்தக் கருவி செய்யும் இடத்தில் பல வருஷம் இருந்தவர்தான்.

அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அது எங்க சொத்து! கேக்காதவனுக்குப் பண்ணினதைக் கேக்கறவன் சுருட்டிக்கிட்டான். நல்லா இருக்கு நியாயம்" என்றார்.

அவருக்கும் ஒரு கருவி வாங்கலாம் என்றேன். "உங்கம்மா பேசறது முழுசா கேக்கும். வேண்டாம்."

ஜூன் 20

பாடகி அக்காவின் இயர்போன் தயார். காதில் வைத்து, பழைய பதிவு ஒன்றைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "டிரம் என் நெஞ்சுக்குள்ள அடிக்குது."

பிறகு பயிற்சி அறையில் ஸ்பீக்கரை அலறவிட்டு, மைக்கைப் பிடித்துப் பாடினார். இரண்டே வரி. மேல் ஸ்தாயிக்குப் போனதும் கழுத்து நரம்பு புடைத்தது. நிறுத்திவிட்டார்.

"பேஸ் காணோம், அந்தக் கனத்த அடிச் சத்தமே இல்லை. வெளிச் சத்தம் உள்ள வருது. என் குரல் எங்கேயோ போயிடுச்சு."

ஜூன் 24

ஒலியைச் சரிபண்ணும் அண்ணனுக்குப் பட்டறையில் பூனைக்காது என்று பெயர். ஊசி விழுந்தால் எந்த ஊசி என்று சொல்வார் என்று அவரே சொல்லிக்கொள்வார். பேஸுக்கு இன்னொரு டிரைவர் சேர்த்திருக்கிறார். இப்போது ஒரு காதுக்கு ஆறு.

அக்கா வந்தார். சும்மா கேட்டால் இடி மாதிரி இருக்கிறதாம். பாடினால் மறுபடியும் ஒன்றுமில்லை.

"பத்து வச்சாலும் இவ்வளவுதானா?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"இன்னும் ஒரே தடவை வர்றேன் மேடம். சரியாகலைனா பழைய ஸ்பீக்கர்தான். கத்தத்தான் வேணும், வேற வழியில்லை."

அந்தக் கழுத்து நரம்பு என் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஜூன் 25

பேருந்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன். வேலை பழக எனக்காக நானே செய்த ஜோடி. கொட்டாவி வந்தது - டிரம் சட்டென்று தகர டப்பா ஆகிவிட்டது. வாயை மூடினேன். திரும்பி வந்தது. மறுபடி திறந்தேன். போச்சு. எதிரில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து காதில் விரலை விட்டு வாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே சுவர் நகர்கிறது! தாடை இறங்கும்போது காதுத் துளையே வடிவம் மாறுகிறது. இயர்போனுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் பேஸ் வெளியே ஓடும், மேடைச் சத்தம் உள்ளே வரும். ஆறு டிரைவர் என்ன, அறுபது இருந்தும் என்ன?

காது கேளாதோர் கருவிக்கு வருபவர் அமைதியாக உட்கார்ந்து கேட்பார். டிரம்காரரும் வாயை மூடிக்கொண்டுதான் வாசிப்பார். பாடுகிறவர்?

ஜூன் 26

சொல்லவில்லை. காலையிலிருந்து நாலு தடவை மேடம் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அச்செடுத்தது மேடம். நேர்முகத் தேர்வில் எனக்குக் குரலே வராதபோது துரத்தாமல், இரண்டு இயர்போனைக் கையில் கொடுத்து, "வித்தியாசத்தை எழுதிக் காட்டு, போதும்" என்றவர். அவங்ககிட்ட போய், நீங்க பண்ணினது தப்புன்னு நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாம இருந்தா அந்த அக்கா தொண்டை என்ன ஆகும்? எனக்கு வாய் எதுக்குத்தான் இருக்கு - சோறு திங்கவா?

ஜூன் 27

சொல்லிவிட்டேன். சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

அக்கா மைக்கை எடுத்தபோது என் கை தானாக உயர்ந்தது, வகுப்பில் போல. எல்லோரும் திரும்பினார்கள்.

"அக்கா, பாட வேண்டாம். பாட்டைப் போடறேன். வாயை மட்டும் பெரிசா திறங்க."

திறந்தார். கண் விரிந்தது. மூடினார். திறந்தார். "அய்யோ, போகுது... வருது... போகுது!"

அண்ணனும் தன் காதில் ஒரு ஜோடியை மாட்டி, வாயைப் பிளந்து பிளந்து மூடினார். மீன் தொட்டி பார்ப்பது போல இருந்தது. சிரிக்கக்கூடிய நேரமா அது?

மேடம் பழைய அச்சை எடுத்துப் பார்த்தார். "இத்தனை வருஷப் பழக்கம். யார் வந்தாலும் வாயை மூடுங்கன்னே சொல்லிட்டிருக்கேன்" என்றார். பிறகு பசைத் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். "வா. நீயே எடு."

பல்லுக்கு நடுவே ஒரு கட்டையைக் கடிக்கக் கொடுத்து, வாய் திறந்தபடியே அச்செடுத்தோம். முதல் தடவை அக்கா சிரித்துவிட்டதால் வீண். "ஊமைப் பொண்ணு என் வாய்க்குள்ள கட்டையை வச்சுட்டா!" என்று அதற்கொரு பேச்சு. இரண்டாவது தடவை சரியாக வந்தது. பழைய அச்சோடு சேர்த்து வைத்துப் பார்த்தோம். காதுத் துளையின் வளைவுக்கு அப்பால் ஒரு பக்கம் நகத்தின் கனத்துக்கு வித்தியாசம். அவ்வளவுதான்.

மேடம் கோபித்திருக்கலாம். கோபிக்கவே இல்லை. இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் டீ டம்ளர்களை எல்லாம் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 5

புதிய அச்சில் செய்த இயர்போன் கூடு. அண்ணன் சேர்த்த டிரைவரை அவரே கழற்றிவிட்டார். அக்கா முழுப் பாட்டையும் பாடினார். நான் பாட்டைக் கேட்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நரம்பு புடைக்கவில்லை.

ஜூலை 11

நிகழ்ச்சி. மேடம் என்னையும் கூட்டிப்போனார். மேடைக்குப் பின்னால் தரையே அதிர்ந்தது. அக்கா மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி பாடினார். இடையில் ஒருமுறை என் பக்கம் திரும்பித் தன் காதைத் தட்டிக் காட்டினார். அழுதுவிட்டேன். இருட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 2

பட்டறையில் போன் அடித்தது, எடுத்தேன். ஒரு பெண். கணீரென்ற குரல். இன்னொரு ஜோடி வேண்டும், தம்பி மகளும் பாடப் போகிறாள் என்றார்.

"சரிங்க. நீங்க யாருன்னு சொன்னா எழுதிக்கறேன்."

"அடிப்பாவி, என் வாய்க்குள்ள கட்டை வச்சவளே, என்னைத் தெரியலையா?"

தெரியவில்லை. காற்றில்லாத அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.