பென்சிலில் எழுதிய விபத்து

19 டிசம்பர் 1996, வியாழன்

மத்தியானம் டைம் ஆபீசில் என் மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். ஜனவரியிலிருந்து இ.எஸ்.ஐ. காப்பீட்டில் சேர்க்கும் சம்பள வரம்பு மூவாயிரத்திலிருந்து ஆறாயிரத்து ஐந்நூறாம். எங்கள் கம்பெனியில் என்னையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேர் புதிதாக மாட்டிக்கொள்கிறோம். யார் கேட்டது இதை? சம்பளத்தில் பிடிப்பார்கள், கம்பெனி தரும் மெடிக்கல் பில்லும் போய்விடும். அந்த டிஸ்பென்சரி லட்சணம் எனக்குத் தெரியாதா? எந்த வியாதிக்கும் அதே வெள்ளை மாத்திரை, பேப்பரில் மடித்து.

வேண்டாம் என்று மனு எழுதினேன். நானே அம்பத்தூர் எஸ்டேட் வெயிலில் ஷெட் ஷெட்டாகப் போய்க் கையெழுத்தும் வாங்கினேன். முதல் ஆள், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் கலியமூர்த்தி. சுழித்துச் சுழித்துப் போட்டு, கீழே இரண்டு கோடு. அவன் கையெழுத்தே தனி அழகு. "ஒரு ஊசிக்கு ஒரு நாள் லீவு போட்டு லைன்ல நிக்கணும் யக்கா. இன்னாத்துக்கு நமக்கு இந்த ரோதன?" என்றான்.

20 டிசம்பர்

சாதுல்லா மட்டும் போடவில்லை. பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஃபிட்டர், பேச்சு கம்மி. இன்றைக்குப் பேசினான்.

"மாத்திரைக்கு மட்டுமா அக்கா அது? கை கால் போனா மாசாமாசம் பணம் குடுக்கப் போறது கம்பெனியா?"

"கம்பெனி யாரையாவது கைவிட்டிருக்கா?" என்று கேட்டேன். என் மேஜை மேலிருந்த பென்சிலையும் ரப்பரையும் பார்த்தான். ஸ்பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். திமிர்.

6 ஜனவரி 1997, திங்கள்

மனுவுக்குப் பதிலே இல்லை. குடும்பத்தில் யார் யார் என்று இ.எஸ்.ஐ. படிவம் நிரப்பிக் கொடுத்தாயிற்று. எரிச்சலாக இருக்கிறது.

11 மார்ச், செவ்வாய்

காலையில் பத்தரைக்கு பிரஸ்ஸில் கலியமூர்த்தியின் வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு. பீஸ் நிறைய வரவேண்டும் என்று மிஷின் தடுப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டச் சொல்கிறார்கள். ரத்தம் சொட்டச் சொட்ட, "பார்வதத்துக்கு இப்ப சொல்லாத யக்கா"ன்னான். பொண்டாட்டி பயந்துடுவாளாம்.

விபத்துப் புத்தகத்தில் எழுதினேன், பென்சிலில். அதுதான் இங்கே வழக்கம். முதலில் பென்சில், மேனேஜர் சரி என்றால் அதன்மேல் பேனா, வேண்டாம் என்றால் ரப்பர்.

சாயங்காலம் மேனேஜர் வீரராகவன் கூப்பிட்டார். "அழிச்சுடும்மா கஸ்தூரி. இன்னிக்கு அவனுக்கு லீவு போட்டுடு. வீட்டு மோட்டார்ல கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கட்டும். ஆஸ்பத்திரிச் செலவு மொத்தம் நம்ம பார்த்துக்கலாம். ரிப்போர்ட் போனா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து உக்காந்துப்பான்."

தலையாட்டிட்டு வந்துட்டேன். ஒன்பது வருஷமா ஆட்டற தலைதானே.

எத்தனை பேரை அழிச்சிருக்கேன்? நாகவல்லியோட கட்டைவிரல் — மூணு மாசம் கம்பெனி பார்த்துக்கிட்டது, நாலாவது மாசம் வேலை இல்லன்னுட்டாங்க. இப்ப எங்க மேனாம்பேட்டிலதான் பூ விக்கறா. தினம் அவகிட்ட முழம் பூ வாங்கறேன். என்ன ஜென்மம் நான்?

12 மார்ச், புதன்

ஷிஃப்டுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கலியமூர்த்தியே வேண்டாம் என்கிறான். "வுடு யக்கா. வாச்மேன் வேல போட்டுத் தர்றன்னாரு மேனேஜரு."

"எழுதிக் குடுத்தாரா?"

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பார்வதம்தான் வராந்தா வரை பின்னாலேயே வந்தாள். "அவுரு கெடக்கறாரு, நீ எழுது யக்கா. இனிமே கைய வாடகைக்கா வாங்க முடியும்?"

எட்டே முக்காலுக்கு டைம் ஆபீஸ். பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவை ஓட்டினேன். வருகைப் பதிவில் அவன் உள்ளே வந்த நேரத்தைத் தொடவில்லை. இ.எஸ்.ஐ.க்குப் போகிற விபத்து அறிக்கையிலும், மற்ற கடிதங்களில் போடுகிற மாதிரியே, 'மேனேஜருக்காக' என்று நானே கையெழுத்துப் போட்டேன். ஒரு நாளைக்குள் போய்ச் சேரவேண்டும். சாதுல்லா பர்மிஷன் போட்டு இரவல் சைக்கிளை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. ஆபீசுக்கு ஓடினான். பத்து மணிக்கெல்லாம் நகலில் சீல்.

"யாரைக் கேட்டு அனுப்பினே?" என்று மேனேஜர் கத்தினார்.

"நடந்ததைச் சொல்ல யாரைக் கேக்கணும் சார்?"

என் குரல்தானா அது? நன்றாகத்தான் இருந்தது.

13 மார்ச்

என்னை ஸ்கிராப் யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ராஜினாமா எழுதிக் கொடுப்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். மாட்டேன்.

3 ஜூன், செவ்வாய்

ஒரு பைசா வரவில்லை இன்னும். இ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போனால் அந்தத் தாள் இல்லை, இந்தத் தாள் இல்லை, ஆபீசர் லீவு. இதுக்கா என் வேலையைப் பணயம் வெச்சேன்? "தூக்கிக் குப்பையில போடு உன் இ.எஸ்.ஐ.யை" என்று சாதுல்லாவிடம் பாய்ந்தேன். "போட்டுட்டு யார்கிட்ட அக்கா போய்க் கேப்பீங்க?" என்றான். அதுவும் சரிதான், அதுதான் ஆத்திரம்.

பார்வதமும் நானும் கிளார்க் மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். சாப்பாட்டு டப்பாவையும் அங்கேயே திறந்தோம். மூன்று மணிக்கு ஃபைல் கிடைத்தது.

29 செப்டம்பர், திங்கள்

இ.எஸ்.ஐ. மருத்துவக் குழு கலியமூர்த்தி கையைப் பார்த்து முடிவு சொல்லிவிட்டது. ஆயுசு முழுக்க மாதாமாதம் பணம். போன டிசம்பரில் நடந்திருந்தால் இது அவனுக்குக் கிடையாது. எங்கள் மனு ஜெயித்திருந்தாலும் கிடையாது. வாச்மேன் வேலையைப் பற்றி மேனேஜர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

அதற்காக டிஸ்பென்சரியை மெச்சிக்கொள்வேனா? ஸ்கிராப் யார்டு தூசியில் எனக்கு இருமல், அங்கே கொடுத்தது அதே வெள்ளை மாத்திரை. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். எக்ஸ்ரே மிஷின் துணி போர்த்திக் கிடக்கிறது. எங்கள் காசுதானே? அதனால் இன்றைக்கு இன்னொரு மனு எழுதினேன். தினம் டாக்டர் வேண்டும், எக்ஸ்ரே வேண்டும். பேனாவில்தான்.

இந்தத் தடவையும் முதல் கையெழுத்து கலியமூர்த்தி. கேட்காமலேயே வந்தான். இடது கையில் பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்தான். முடித்துவிட்டான் என்று தாளை எடுக்கப் போனேன்.

"இரு யக்கா" என்றான்.

கீழே இரண்டு கோடு போட்டுவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தான்.