நம் நாட்டுக் கொடியின் கீழே என் படம்

மச்சான்,

கிளப் சுவரில் படங்களை மாட்டிவிட்டார்கள். பல நாட்டுக்காரர்கள் ஆடிய நம் கிளப் ஹாக்கி அணியில் இதுவரை ஆடியவர்களில் நாட்டுக்கு ஒருவராகச் சிறந்தவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் நாட்டுக் கொடியின் கீழே என் படம் தொங்குகிறது. நீ உன் அம்மாவின் நாட்டுக் கொடிக்குக் கீழே சிரித்துக்கொண்டிருக்கிறாய். அந்த நாட்டை உனக்கு வரைபடத்தில்கூடக் காட்டத் தெரியாது.

செயலாளரைப் பிடித்துக் கேட்டேன். "அவரேதான் வந்து மாத்தச் சொன்னாரு. எங்க அம்மா நாட்டுல போடுங்கன்னு ஒத்தக் கால்ல நின்னாரு," என்றார்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. நீ கோல்கீப்பராக நின்றவரை நான் பெஞ்சைத் தேய்த்தவன். காய்ச்சலில்கூட ஒரு மேட்சை எனக்கு விட்டுக்கொடுத்தவனில்லை நீ. பஸ்ஸில் ஜன்னலோரத்தையும் விடமாட்டாய். என் தங்கையைக் கட்டிய பிறகும் அப்படித்தான்.

போன வாரம் என் வயிற்று வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் உன்னிடம் மட்டும் பேசினார். "ஒண்ணுமில்லடா, வெறும் வயித்துப் புண்ணுதான்," என்று சொல்லிக்கொண்டே வந்தாய். திரும்பும்போது ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாய். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. தங்கையும் இப்போதெல்லாம் என்னோடு சண்டை பிடிப்பதில்லை.

நேரில் கேட்டால் மழுப்புவாய். அதனால் கேட்கப்போவதில்லை. வெறும் வயிற்றுப் புண் என்றால், செயலாளரிடம் சொல்லி என் படத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் உன் படத்தை மாட்டு. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பேன்.

அன்றைக்கும் என் படமே தொங்கினால், நீ எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் பெஞ்சு கோல்கீப்பர்