ரேகை இல்லாத விரல்

மண்ணச்சநல்லூர்,
6-2-1956, இரவு

மகாராஜராஜஸ்ரீ லேபர் இன்ஸ்பெக்டர் அய்யா அவர்களுக்கு,

வணக்கம். நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். என் அம்மா வேலம்மாள் இங்கே அரிசி மில்லில் நெல் அவிக்கிறாள். அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, முதலாளி அறைக்குக் காப்பி எடுத்துப்போகச் சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டீஸ். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்று போட்டு, 'நெல் அவிக்கும் பெண்கள்' என்று அச்சடித்திருந்தது. அம்மா செய்யும் வேலை அச்சில், அய்யா! மெட்ராஸில் சட்டம் எழுதுகிறவர்களுக்கு அவளைத் தெரியுமா? நாளுக்கு ஒரு ரூபாய் என்று இருந்தது. அம்மாவுக்குப் பத்தணாதான் தருகிறார்கள். கீழே உங்கள் விலாசம் இருந்தது.

நான் எழுதியது தெரிந்தால் அம்மாவை நிறுத்திவிடுவார்கள். பதிலைப் பள்ளிக்கூடத்துக்குப் போடுங்கள்.

பயத்துடன்,
மட்டுவார்குழலி

தென்னூர்,
17-2-1956

அன்புள்ள மட்டுவார்குழலிக்கு,

அரசு முத்திரை இல்லாத உறையில் அனுப்புகிறேன். பயப்படாதே.

மில்லுக்குப் போனேன். கூலிப் பதிவேட்டில் பதினான்கு பெண்களுக்கும் ஒரு ரூபாய்தான் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கட்டைவிரல் ரேகை, கோடு கோடாகத் தெளிவாக. கேட்டால், "சரியாத்தாங்க தர்றாங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்கிறார்கள். உன் அம்மாவும் அதையே சொன்னார். காகிதம் சரியாக இருக்கும்போது நான் என்ன செய்ய, அம்மா?

துஆவுடன்,
பஷீர் அகமது

மண்ணச்சநல்லூர்,
25-2-1956, இரவு

அய்யா அவர்களுக்கு,

அம்மா தூங்கும்போது அவள் கட்டைவிரலில் மை தடவி, நோட்டுத்தாளில் ஒற்றி எடுத்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். பாருங்கள், ஒரு கோடுகூட இல்லை. என் விரலில் எத்தனை கோடுகள்! ஆவி பறக்கும் நெல்லைக் கையால் பரப்பிப் பரப்பியே தேய்ந்துவிட்டது போலிருக்கிறது. வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் பதிவேட்டில் இருப்பது யார் விரல்?

ஆனால் இதைக் காட்டினால், அம்மாதான் காட்டிக்கொடுத்தாள் என்பார்கள். வேலை போனால் எனக்கு ஸ்கூலும் இல்லை. காட்டாதீர்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

மட்டுவார்குழலி

மண்ணச்சநல்லூர்,
24-3-1956, இரவு

அய்யா அவர்களுக்கு,

திங்கட்கிழமை நீங்கள் வந்தபோது சாப்பாட்டுத் தூக்கோடு களத்து ஓரம் நின்றேன். என்னைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தீர்கள். அம்மாவை மட்டும் கூப்பிடுவீர்களோ என்று பயந்தேன். நீங்கள் பதினான்கு பேரையும் வரிசையாக விரல் வைக்கச் சொன்னீர்கள்.

"எங்க பேருக்குச் சொத்து எழுதப் போறீங்களா சார்?" என்று வள்ளிக்கண்ணு அக்கா சிரித்தாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பதினான்கு கறுப்பு வட்டங்கள். ஒன்றிலும் கோடு இல்லை. அம்மாவுக்கு மட்டுந்தான் இப்படி என்று நினைத்திருந்தேனே! பதிவேடு எழுதும் கணக்கப்பிள்ளை தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். பதினான்கு பேரில் யாரைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொல்வார்கள்?

இந்த வாரம் ஆறு நாளுக்கு ஆறு முழு ரூபாய். அதைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு அம்மா என்னிடம் வந்தாள்.

"போன மாசம் ஒரு நாள் விடியக்காலம் எந்திரிச்சா என் விரல்ல மை. மூணு நாளாச்சுடி போறதுக்கு."

அவள் விளக்குத் திரியைத் தூக்கிவிட்டாள்.

"இனிமே வெளிச்சத்துல எழுது. கண்ணு கெட்டுடும்."

பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்கு வணக்கம் சொல்கிறாள்.

வேலம்மாள் மகள்,
மட்டுவார்குழலி