ஒத்த, ஒரே

நேற்று ரொக்ஸ்பரோவில் அந்தத் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குப் போக வேண்டி வந்தது. பழைய துணி விற்பனை. மகளுக்குப் பனிக்காலக் கோட்டு ஒன்று பார்க்கலாம் என்று போனேன். கதவைத் திறந்ததும் நனைந்த கம்பளியும், கொதித்துக் கொதித்துக் கசந்துபோன காப்பியும் சேர்ந்த அதே வாடை. உடனே கோபம் வந்தது ஓய். நீர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது, அது இன்னும் ஆறவில்லை.

அறுபதுகளின் கடைசியில் இந்த மொன்றியலில் தமிழில் ஒரு பாட்டுக் கேட்க வேறு நாதி கிடையாது. மாதக் கடைசி ஞாயிறுகளில் நீங்கள் நான்கு குடும்பங்கள் அங்கே கூடி ஜெபம் செய்வீர்கள். நாமம் போட்ட குடும்பத்துக்காரன் எனக்கு அங்கே என்ன வேலை? உமக்குப் பனியில் கார் ஓட்டப் பயம், அதனால் சாரதியாக வந்தேன். கடைசி நாற்காலியில் காப்பியோடு உட்கார்ந்து, உம் வீட்டம்மா தொண்டை திறந்து பாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வாரமெல்லாம் வாய் திறக்க ஆளில்லாத அந்த அம்மாவுக்கு அந்த ஒரு நாள்தான் நாள்.

அதைத்தானே கெடுத்தீர்.

யாழ்ப்பாணத்து டாக்டர், பாவம், பிள்ளைகளுக்காக, ஜெபத்தில் நீங்கள் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை எளிய தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். மகன் பிதாவோடு ‘ஒத்த தன்மையுள்ளவர்’ என்று அதில் இருந்தது. ‘ஒரே தன்மை’ என்றுதான் இருக்க வேண்டும் என்று நீர் எழுந்துவிட்டீர். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: “ஒத்த எண்டா என்ன, ஒரே எண்டா என்ன? பிள்ளையளுக்கு விளங்கினாச் சரிதானே.”

கல்லூரியில் திருச்சபை வரலாறு நடத்துகிறவரிடம் கேட்கிற கேள்வியா அது? ஆரம்பித்தீர் பாடத்தை. மகனும் படைக்கப்பட்டவர்தான், அவர் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்று அலெக்சாந்திரியாவில் ஒரு பாதிரியார் சொல்லப்போய்த் தெருவெல்லாம் சண்டை. ராஜாவே ஆயர்களை நிக்கேயாவில் கூட்டி, ‘ஒரே தன்மை’ என்று எழுதவைத்தும் தீரவில்லை. ‘ஒத்த தன்மை’ என்று வைத்துக்கொள்வோமே என்று சமாதானம் பேச ஒரு கூட்டம். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசமாம். அதற்காக எத்தனை ஆயர்களை நாடு கடத்தினார்கள் என்று நீர் அடுக்க, பிள்ளைகள் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரில் வரும்போது, ஓர் எழுத்துக்கா இத்தனை ரகளை என்று கேட்டேன்.

“யானை நெத்தில எந்த நாமம்னு கோர்ட்டு வரைக்கும் போன கூட்டம்லா நீரு? நீரு பேசப்படாது வே.”

சிவப்பு விளக்கில் நின்றபோது குரலைத் தாழ்த்திச் சொன்னீர்: “ஒத்த தன்மைன்னா, தன்ன மாதிரி ஒரு ஆள அனுப்பிச்சாருன்னு ஆயிரும். ஒரேன்னாத்தான் அவரே வந்தாருன்னு அர்த்தம். சாகக் கெடக்கவனுக்கு ரெண்டும் ஒண்ணா வே?”

சரி, உமக்கு அது உயிர். ஆனால் உம் வீட்டம்மா அடுத்த மாதம் காப்பி ஊற்றிக்கொண்டே வழி சொன்னாரே! “நம்ம ஊர்ல ஒத்தப் பிள்ளன்னா ஒரே பிள்ளதான. அப்படி நெனச்சு வாசிச்சுட்டுப் போவோம்.” அந்த ஆயர்கள் எல்லாம் கூடியும் கிடைக்காத சமாதானம். டாக்டர் சிரித்துத் தலையாட்டிவிட்டார். நீர்? வாய்க்கு ஒரு அர்த்தம், எழுத்துக்கு ஒரு அர்த்தம் என்று அந்த ஆயர்களே அன்றைக்கு மழுப்பிப் பார்த்தார்கள், அது நிற்கவில்லை என்றீர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த மாதம் டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அதற்கடுத்த மாதம் மற்றவர்களுக்குப் பனி. வசந்தம் வருவதற்குள் அந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். உம் வீட்டம்மா அதற்கப்புறம் பாத்திரம் கழுவும்போதுதான் பாடினார். உம் பிடிவாதம்தான் காரணம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். நீர் மறுக்கவும் இல்லை, இறங்கிவரவும் இல்லை. நாம் சேர்ந்து வேலைக்குப் போகும் ரயிலில் ஜன்னலில் சாய்ந்து, அந்த அம்மா பாடும் பாட்டையே முணுமுணுத்தீர்.

உம் அடக்க ஆராதனையில் அந்தப் பிரமாணத்தைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று உம் வீட்டம்மா கேட்டார். நான்கு குடும்பமும் வந்திருந்தது. வெள்ளைக்காரப் பாதிரியார் ஒதுங்கி நிற்க, டாக்டர் தம் பழைய தாளையே பிரித்து வாசித்தார். “பிதாவோடு ஒத்த…” என்று வந்தபோது, கடைசி வரிசையிலிருந்து, “ஒரே” என்று ஒரு குரல்.

என் குரல் ஓய். எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் தாளை மடித்தார். “ஓம். ஒரே தன்மை,” என்று சொல்லி, மிச்சத்தைப் பார்க்காமலே சொன்னார். உம் வீட்டம்மா ஒவ்வொரு வரியையும் அவர் பின்னால் உரக்கச் சொன்னார்.

நான் இன்னும் நம்பவில்லை. நெற்றியில் நாமம் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை யாராவது மாற்றிச் சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை. உம்முடைய சண்டையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர். இனி நான் யாரோடு போய்ச் சண்டை போடுவேன்? அங்கேயிருந்து ஆள் கீள் அனுப்பிச் சமாதானம் சொல்ல வேண்டாம் ஓய். வந்தால் நீரே வாரும்.