உன் ரத்தத்தில் முளைத்த செல்கள்

இன்று காலை இன்குபேட்டரைத் திறந்தால், நேற்று இளஞ்சிவப்பாக ஊற்றிய ஊட்டத் திரவம், மீடியம், மஞ்சளாகிக் கிடக்கிறது. அவ்வளவையும் தின்று தீர்த்துவிட்டு இன்னும் பசியோடு இருக்கின்றன உன் செல்கள். "சனியனே, கொஞ்சம் மெதுவாத்தான் தின்னா என்ன?" என்று திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்காமல் நாம் அலைந்தபோது நீதான் கையை நீட்டினாய். "ஊசி குத்தறவ நீயின்னாத்தான் பயமா இருக்குது புள்ள" என்று சிரித்தாய். அந்த ரத்தத்தைக் குருத்துச் செல்களாக்கி, அவற்றிலிருந்து நரம்பு முன்னோடிச் செல்களை வளர்த்தோம். வளர்ச்சிப் புரதத்தைத் தொடர்ந்து ஊற்றும்வரை 'பெருகு' என்ற சமிக்ஞை உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஊற்றாவிட்டால் மெல்லப் பெருக்கம் நின்று நரம்புச் செல்களாக மாறிவிடும். பெருக்கத்தை நிறுத்தும் அந்தப் 'போதும்' என்ற கட்டளை எந்தச் சமிக்ஞைப் பாதை வழியாகப் போகிறது என்பதுதான் உன் கேள்வி.

ஞாயிறு, பண்டிகை எதற்கும் விடுமுறை கிடையாது. "பால்மாடு கட்டியிருக்கறவங்களாட்ட ஒரு கண்ணாலத்துக்குப் போக முடியுதா?" என்று புலம்புவாய். ஆனால் நான் என் ஊர் மறையூருக்குப் போகும் வாரங்களில் என் முறையையும் நீயே பார்த்தாய். உன் ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கத்திலேயே இருக்கிறது, நீ நினைத்தபோது போய்வரலாமே என்று நானும் கூசாமல் கிளம்பிவிடுவேன்.

காய்ச்சலென்று அந்த ஊருக்குத்தான் போனாய். திரும்பி வரவில்லை.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். காரியம் முடிந்திருந்தது. உன் அம்மா என்னைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டார்: "ஏனம்மிணி, பாப்பாவோட ரத்தத்துல இருந்து என்னமோ அங்க உசுரோட வளருதுன்னு அவ சொன்னாளே, நெசமா?"

"ஆமாம்மா."

"அப்ப நாங்க காரியம் பண்ணுனது ஆகுமா? அவ போய்ச் சேந்திருப்பாளா?"

"அது அவ இல்லம்மா. நெனப்பு கிடையாது, வலி கிடையாது. நீங்க வேண்டாம்னு சொன்னா மொத்தத்தையும் நிறுத்திரலாம்" என்றேன். நிறுத்தினால் உன் இத்தனை வருட உழைப்பும் போகும் என்பதைச் சொல்லவில்லை.

"எப்படி நிறுத்துவீங்க?"

"சாப்பாடு போடாம விட்டா செத்துரும்மா."

"இப்ப யாரு போடறது?"

"நாந்தான்."

உன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காரியம் ஆகாட்டிப் போகுது உடு. பட்டினி மட்டும் போட்றாத அம்மிணி."

புது மீடியம் ஊற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உன் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் நம் பேராசிரியர் இவற்றைக் கொட்டச் சொல்வார். சண்டை போட வேண்டும். அதற்கும் தெம்பில்லை. முறை மாற்றிக்கொள்ள ஆளும் இல்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது, புள்ள. ஆனால் உன் அம்மாவிடம் சரியென்று தலையாட்டிவிட்டேன்.