கொடியில் கிடந்த கவ்வி

மச்சாள்,

இதை ஒருவருக்கும் காட்டிவிடாதே. அங்கே உன் பக்கத்தில் யார் இருந்தாலும் மடித்து வைத்துக்கொள். விளக்குப் போடப் பயந்து போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

இன்று பின்னேரம் உடுப்புக் கொடியில் நம்முடைய கவ்வியைக் கண்டேன். உன் மேசையை ஒதுக்கியபோது மாமி அதை வெறும் உடுப்புக் கவ்வி என்று நினைத்திருக்கிறா. உன் பள்ளிக்கூடச் சட்டையை இன்னும் தோய்த்துக் காயவிடுகிறா. கவ்வியின் வாயில் ஒரு ஊசி வளைந்திருந்தது.

படிப்புக்காக முல்லைத்தீவில் இருந்து நான் பரந்தனில் உங்கள் வீட்டுக்கு வந்த புதிது. கனடாவில் இருந்து உன் பெரியப்பா அனுப்பிய ஸ்மார்ட் பிளக்குகளை மாமா அறைக்கு அறை செருகினார். அடுத்த நாள் தேத்தண்ணி குடித்தபடி, "ராத்திரி கனநேரம் லைற் எரிஞ்சுதே, என்ன படிச்சனீங்கள்?" என்றார். அவர் நம் அறைப்பக்கமே வரவில்லை; பிளக்தான் அவர் போனுக்குச் சொல்லியிருந்தது.

"பிளக்கில்லையடி, கோள்மூட்டி" என்றாய் நீ. அதற்குள் இருக்கும் புரோகிராமையே மாற்றிவிடுவோம் என்றாய்.

ஒவ்வொரு பிளக்குக்கும் வயரை ஈயத்தால் பற்றவைக்கப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில்தான் கவ்வி செய்தோம். உடுப்புக் கவ்வி ஒன்றின் வாயில் ஊசிகளை ஒட்டி, பிளக்கின் உள்தட்டைக் கவ்வவிட்டால் ஊசிகள் தம் புள்ளிகளில் குந்தும், மறுமுனை லப்டொப்புக்கு. தலைகீழாகக் கவ்வி, குசினிப் பிளக்கைச் சாகடித்தோம். "எறும்பு பூந்திட்டுதப்பா" என்று நீ கூசாமல் சொன்னாய். பிறகு கவ்வியின் ஒரு பக்கத்தில் உன் நகப்பூச்சைப் பூசினாய்.

"சிவப்பு உன்ரை பக்கம். சுவரில செருகிக்கிடக்கேக்க மட்டும் கிட்டக் கொண்டுபோகாதை. கொம்மாவுக்கு என்னாலை பதில் சொல்லேலாது."

நம் அறைப் பிளக்கைத் தொடுவதற்கு முதலே உனக்குக் காய்ச்சல் வந்தது; ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பவில்லை.

மாமா இப்போதும் கேட்கிறார்: "நேற்றுப் படுக்கப் பிந்திப்போச்சு போல." நான் கிட்டப் போனால் போனைக் கவிழ்த்து வைக்கிறார். யாருக்குச் சொல்வதற்காகப் பார்க்கிறார்? அம்மாவுக்கா? இல்லை, என்னை நம்பாமலா?

இன்றிரவு பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றினேன். வளைந்த ஊசியை நிமிர்த்தி, சிவப்பை என் பக்கம் வைத்துக் கவ்வினேன். புதிய புரோகிராம் ஏறிவிட்டது. இனி அது யாரிடமும் கோள் சொல்லாது. அதன் பிறகுதான் பயம் பிடித்தது: மாமாவின் போனில் இந்த அறை இல்லாமல் போயிருக்கும்.

கவ்வி தலையணை உறைக்குள் இருக்கிறது. கொடிக்கு வேறு கவ்வி போட்டுவிட்டேன். இதை இனி யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

கதவு தட்டுகிறது. மாமாவின் குரல்.

"பிள்ளை, முழிப்போ? என்ரை போனில அவளின்ரை லைற்றைக் காணேல்லை."

மச்சாள், நான்