குரல்: சகோதரி ஒருவர்

தென்காசி,
சாரல் விடாத வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹைருன் பீவி எழுதுகிறேன். நானும் நம் மகள் சமீனாவும் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. அந்த ஆவல் கொஞ்ச நாளாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவளுக்கு ஏன் காகிதமும் பேனாவும் என்று நினைப்பீர்கள். அதில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவீர்கள். போனில் சொல்லலாம் என்றால், பேச்சு உங்களுக்குப் பிடிக்காத இடத்துக்கு வந்ததும் ஷார்ஜாவில் சிக்னல் போய்விடுகிறது. தங்கை கல்யாணத்துக்கு வந்த ஹுஸைஃபா ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜா திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்பும் கடிதத்தை நீங்கள் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. சமீனா பிளஸ் டூ வந்துவிட்டாள். கணக்கில் நல்ல மார்க், கோபத்தில் அதைவிட நல்ல மார்க். மாடி அறையில் மழை ஒழுகுகிறது, கொத்தனாரைக் கூப்பிட்டால் குற்றாலத்தில் சீசன் வேலை இருக்கிறது, முடியட்டும் என்கிறார். ஐந்தருவியில் நல்ல தண்ணீர், ரோட்டில் அதைவிடக் கூட்டம். பால் வாங்கப் போனால்கூட வெளியூர்க் கார்களுக்கு நடுவே ஒதுங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

ஹுஸைஃபா கொண்டுவந்த மைக்கும் வந்து சேர்ந்தது. நல்ல கனமான பெட்டி. சமீனா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “வாப்பா ஒனக்கு நகை அனுப்பிருக்காவளா?” என்று கேட்டாள். திறந்து பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூடவே உங்கள் சேதியும் வந்தது: இரண்டாவது ஆல்பம் போடப் போகிறீர்கள், மீலாது விழாவுக்கு முன்னால் வெளிவர வேண்டும், நான் சீக்கிரம் பாடி அனுப்ப வேண்டும்.

ஊரடங்கில் செய்த முதல் ஆல்பத்துக்கு என்னிடம் மைக் ஏது? சமீனாவின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய போன்தான். அவள் வகுப்பு முடிய வேண்டும், போனில் சார்ஜ் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்காமல் இருக்க வேண்டும். எதிரொலி வராது என்று நீங்கள் சொன்னதால் பீரோவைத் திறந்து, தொங்குகிற சேலைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு, பாச்சை உருண்டை வாசனையில் மூச்சடைத்துப் பாடினேன். நீங்கள் எட்டுப் பேர் அடைந்து கிடந்த அறையில் மேல்கட்டிலில் சம்மணம் போட்டு மடியில் கீபோர்டை வைத்து வாசித்தீர்கள். உங்கள் கூட்டாளி துல்கர்னைன் மஸ்கட்டில் தனியாக உட்கார்ந்து தபேலாவை அனுப்பினார். மூன்று ஊரில் மூன்று பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் செய்த பாட்டுகள். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதானே.

கேட்டவர்கள் எல்லாரும் என்ன சுத்தமான ரெக்கார்டிங் என்று பாராட்டினார்கள் என்றீர்கள். சுத்தமாக இருக்காமல் என்ன செய்யும்? ஊரடங்கில் நம் தெருவில் ஒரு தறி ஓடவில்லை. நூலும் இல்லாமல் கூலியும் இல்லாமல் ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அமைதி அது. அதைத்தான் உங்கள் ஆட்கள் ரசித்திருக்கிறார்கள்.

பிறகு ஆல்பத்தின் அட்டைப்படம் வந்தது. இசை: முகம்மது சலீம். தாளம்: துல்கர்னைன். குரல்: சகோதரி ஒருவர். யார் மச்சான் அந்தச் சகோதரி என்று கேட்டேன். நீங்கள் சிரித்துவிட்டு, “நம்ம வீட்டுப் பொம்பள பேரு ஊரெல்லாம் அடிபடணுமா ஹைருன்? ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்” என்றீர்கள். சரி என்றேன். மனம் ஒப்பிச் சொன்னேன் என்று இப்போது பொய் சொல்ல முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உங்களுக்குத் தோன்றவே இல்லை. தென்காசியில் என் குரல் தெரியாத நம் ஆட்கள் வீடு எது? பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கல்யாண வீடுகளில் மருதாணி இடும்போது பெண்கள் பக்கம் பாடுவது நான்தான். மாமி உங்களுக்காக என்னைப் பெண் பார்த்ததே காதால்தான். ஒரு கல்யாண வீட்டில் நான் பாடியதைக் கேட்டு, “இவ சத்தம் நம்ம வீட்டுல கேக்கணும்” என்று சொல்லித்தான் என் உம்மாவிடம் பேச வந்தார்கள். ஊருக்கே தெரிந்த குரலை ஊருக்குத் தெரியாமல் மறைத்தீர்கள். தெரியாதவர்களிடம் மட்டும்தான் அது மறைந்தது.

இனி போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஹுஸைஃபாவின் தங்கை கல்யாணம் குற்றாலத்தில் மண்டபம் பிடித்து நடந்தது. பெண்கள் பக்கம் வழக்கம்போல என்னைப் பாடச் சொன்னார்கள். நம் ஆல்பத்திலிருந்து, தாயின் காலடியில் சொர்க்கம் என்று வருகிற அந்தத் தாய்ப் பாட்டைப் பாடினேன். முடித்ததும் மாப்பிள்ளை வீட்டுக்காரப் பெண் ஒருத்தி, கடையத்துக்காரி, எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் பூரிப்பு. “யாத்தா, அந்த துபாய்ப் பிள்ள ஹம்னா மாதிரியே அப்படியே பாடுதியளே! கண்ண மூடிக் கேட்டா வித்தியாசமே தெரியலையே!” என்றாள்.

யார் ஹம்னா என்று கேட்டேன். தன் போனை எடுத்துக் காட்டினாள். போன பெருநாளைக்கு அங்கே நீங்கள் நடத்திய மேடை நிகழ்ச்சி. நீங்கள் கோட்டுப் போட்டு கீபோர்டு முன்னால் இருக்கிறீர்கள். பச்சை உடுப்பில், தலையில் முக்காடு போட்டு, ஒரு சின்னப் பெண் மைக்கைப் பிடித்திருக்கிறாள். வருவது என் குரல், பீரோவுக்குள் நான் பாடிய அதே குரல். அசைவது அவள் உதடு. கீழே ‘பாடியவர்: ஹம்னா’ என்று போட்டிருக்கிறது.

என் பக்கத்தில் இருந்த சமீனா வெடுக்கென்று எழுந்தாள். அவள் கையைக் கிள்ளி உட்கார வைத்தேன். கல்யாண வீட்டில் ரசாபாசம் வேண்டாமே. அந்தக் கடையத்துப் பெண்ணிடம் சிரித்து, ஆமாம்மா, அந்தப் பிள்ளை நன்றாகப் பாடுகிறது என்றேன். வண்டியில் வரும்போதுதான் சமீனா தான் முன்பே அதைப் பார்த்ததாகவும், எனக்குத் தெரிய வேண்டாம் என்று மறைத்ததாகவும் சொன்னாள். “ஏம்மா சொல்லல, அது நாந்தான்னு?” என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் உங்களைக் கேட்டேன். வீடியோவுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, உன் முகத்தைப் போட முடியுமா என்றீர்கள். என்னைக் காப்பாற்றியிருப்பதாகவும் சொன்னீர்கள். எதிலிருந்து மச்சான்? நம் வீட்டுப் பெண்ணின் பேர் வெளியே வந்தால் மானம் போகும், அடுத்த வீட்டுப் பெண் மேடையில் நின்றால் போகாதா? நான் மறுபடி கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறது. பல்வரிசையும் நன்றாக இருக்கிறது.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அந்தப் பாட்டில் ‘காலடி’ என்ற சொல்லில் குரல் உடைந்து, கொஞ்சம் நின்று, மறுபடி எடுக்கும். அந்த இடத்தில் ஹம்னா கண்ணைத் துடைக்கிறாள். சபை கைதட்டுகிறது. நீங்களும் தலையை ஆட்டுகிறீர்கள். அது என்ன நாள் என்று உங்களுக்கு நினைவு இருக்கிறதா? மாமி ஆஸ்பத்திரியில் மௌத்தான நாள். எனக்கும் கொரோனா என்று என்னை மாடி அறையில் தனியாக வைத்திருந்தார்கள். மாமியை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. என் கையால் குளிப்பாட்டவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் மூடிய உடுப்பில் ஜமாஅத்துப் பையன்கள் நேரே மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள் என்று கீழேயிருந்து சத்தம் போட்டுச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் நீங்கள் போனில் குழந்தை மாதிரி அழுதீர்கள். அழுது முடித்துவிட்டு, “அந்தத் தாய்ப் பாட்ட இப்பமே பாடிரு ஹைருன். நாளைக்குப் பாடுனா இந்த ஃபீல் வராது” என்றீர்கள். விமானம் இல்லை, பெற்றவளின் முகம் பார்க்க முடியாத மனுஷன், துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். உங்கள் மனம் ஆறட்டும் என்று, காய்ச்சலோடு எழுந்து, மாடி அறைப் பீரோவுக்குள் தலையை விட்டுப் பாடினேன். அந்தச் சொல்லில் உடைந்தது பாட்டு இல்லை. மாமியை நினைத்து நான் அழுதது. என் அழுகைக்கு இன்னொருத்தி கண்ணைத் துடைக்கிறாள், உங்களுக்குக் கைதட்டு விழுகிறது.

மாமி என்னை ஒருநாளும் ‘யாரோ ஒரு பெண்’ என்று சொன்னதில்லை. யார் வந்தாலும், “இது ஹைருன், எங்க வீட்டுப் பாட்டுக்காரி” என்றுதான் சொல்லுவார்கள்.

இரண்டாவது ஆல்பத்துக்கு ஒரு பாட்டுதான் அனுப்பியிருக்கிறேன். பென் டிரைவில் இருக்கிறது. மாமியைப் பற்றி நானே கட்டி, நானே மெட்டுப் போட்டுப் பாடியது. உங்கள் மைக் நன்றாகத்தான் பிடிக்கிறது, பின்னால் தெருத் தறி ஓடுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. அதை எடுக்க வேண்டாம். இப்போது ஜனங்களுக்கு வேலை இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் தெரியட்டும்.

நம் பழைய பாட்டுகளில் பாட்டைக் கட்டியவர் கடைசி அடியில் தன் பேரைச் சொல்லி துஆ கேட்டு முடிப்பார் அல்லவா? நானும் அப்படியே முடித்திருக்கிறேன். ‘தென்காசி ஹைருன் பீவி தேம்பிக் கேட்கிறேன் ரஹ்மானே.’ கடைசியில் மட்டும் வைத்தால் வெட்டிவிடுவீர்கள் என்று, ஒவ்வொரு சரணமும் அந்த அடியில் வந்து விழுகிற மாதிரி கட்டினேன். அதை எடுத்தால் பாட்டு நொண்டும். உங்களுக்கு இசை தெரியும், கேட்டதும் புரியும். ஹம்னா உதட்டை அசைப்பதானால் தாராளமாக அசைக்கட்டும். ‘ஹைருன்’ என்னும்போது வாய் நன்றாகக் குவிய வேண்டும், பழகச் சொல்லுங்கள்.

போட மனமில்லை என்றால் போட வேண்டாம். சமீனாவிடம் ஒரு பிரதி இருக்கிறது. அவள் போடுவாள், பேரோடு போடுவாள். ஊர் என்ன சொல்லும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஊர் என்னிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை மச்சான், சொன்னதெல்லாம் நீங்கள்தான்.

விமானம் ஓடாத காலத்தில் வர முடியவில்லை, அதை யாரும் குறை சொல்லவில்லை. ஓடத் தொடங்கிய பிறகும் ஒவ்வொரு பெருநாளைக்கும் ஒரு மேடை வந்துவிட்டது. அல்லாஹ் உங்கள் உடம்புக்கு நல்ல சுகத்தைத் தரட்டும், கைக்கு வேலையைத் தரட்டும், ஊருக்கு ஒரு டிக்கெட் எடுக்கிற மனதையும் தரட்டும். என்னைப் பார்க்க வர வேண்டாம், மாமியின் கபரைப் பார்க்க வாருங்கள். மழையில் மண் இறங்கிக் கிடக்கிறதாம், போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். அங்கே பெற்ற பிள்ளை வந்து நிற்க வேண்டும். அதற்கு வேறு முகத்தை நிறுத்த முடியாது.

இப்படிக்கு,
ஹைருன் பீவி